வண்டி செட் திடீரென நின்றுவிட்டால்...



நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு வண்டிதான் பிழைப்பு. முந்தல் வழியாகக் குரங்கணிக்கும், 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டுக்கும், அதைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்கும் ஜீப் ஓட்டுகிறார்கள். பாடிக்கொண்டிருந்த செட் திடீரென அணைந்துவிட்டால், பலர் பழுதைத் தேடாமல் பியூஸ் இருந்த இடத்தில் ஒரு கம்பித் துண்டைச் சொருகிவிடுகிறார்கள். செட் பாடத் தொடங்கிவிடும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. அதனால் இந்தப் பாடம்.

பியூஸ் எதற்கு?

பியூஸ் இருப்பது செட்டைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். அது முதலில் காப்பாற்றுவது வயரைத்தான். செட்டுக்குப் போகும் வயர் மெல்லியது. எங்காவது தோல் உரிந்து வண்டியின் இரும்பில் பட்டால், 12 வோல்ட் பேட்டரி நூறு ஆம்பியருக்கும் மேல் அந்த வயரில் தள்ளக்கூடும். 10 ஆம்பியர் பியூஸ் இருந்தால் அது உருகி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதற்குப் பதில் கம்பியோ, சிகரெட் பெட்டித் தகடோ இருந்தால், டேஷ்போர்டுக்குள் வயரே பழுத்து எரியும்.

முதலில் பார்க்க வேண்டியவை

1. ஹாரன், ஹெட்லைட் சரியாக இருக்கின்றனவா? அவையும் மங்கினால் பழுது செட்டில் இல்லை. பேட்டரி முனைகள் தளர்ந்தோ, பூத்தோ இருக்கலாம்.

2. செல்போன் சார்ஜ் போடும் சாக்கெட்டும் சேர்ந்து நின்றுவிட்டதா? பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே பியூஸ்தான்.

3. சாவியை அணைத்துவிட்டு, பியூஸ் பெட்டி மூடியில் உள்ள படத்தைப் பார்த்து, ரேடியோ பியூஸை உருவுங்கள். உள்ளே இருக்கும் தகடு அறுந்திருந்தால் பியூஸ் போய்விட்டது. அதே அளவு பியூஸை மட்டுமே போடுங்கள். பிளேடு பியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20.

4. பல செட்டுகளின் முதுகிலும் ஒரு பியூஸ் உண்டு. செட்டை வெளியே இழுக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கம்பெனியில் பொருத்தி வந்த சில செட்டுகள், பேட்டரியைக் கழற்றினால் மறுபடி ரகசிய எண் கேட்கும். அந்த எண்ணை முன்பே எடுத்து வையுங்கள்.

மூன்று வயர்கள்

கடையில் வாங்கிப் பொருத்தும் செட்டுகளில் பெரும்பாலும் மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் மின்சாரம், சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். வண்டியின் சொந்த வயர்களில் நிறம் மாறலாம்.

வயர் முனைகள் எதிலும் படாமல் பிரித்து வைத்துவிட்டு, பேட்டரியை மீண்டும் இணையுங்கள். டெஸ்ட் லேம்பின் கிளிப்பை வண்டியின் வெற்று இரும்பில் மாட்டுங்கள். மஞ்சளில் வைத்தால் எப்போதும் எரிய வேண்டும். சிவப்பில் சாவி போட்டபின் எரிய வேண்டும். பிறகு கிளிப்பைக் கறுப்பு வயரில் மாட்டி மஞ்சளைத் தொடுங்கள். இரும்பில் மாட்டியபோது எரிந்த விளக்கு இப்போது எரியாவிட்டால் எர்த் போய்விட்டது. மழையிலும் பனியிலும் ஓடும் மலை வண்டிகளில் எர்த் போல்ட் துருப்பிடிப்பது சகஜம். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் போதும். மூன்றும் சரியாக இருந்தும் செட் பாடவில்லை என்றால் பழுது செட்டுக்குள், கடைக்குக் கொடுங்கள்.

செட் வாங்கும்போது கடிகாரமும் ஸ்டேஷன்களும் தினமும் அழிந்துபோனால் மஞ்சளைச் சந்தேகியுங்கள். பள்ளத்தில் குதிக்கும்போது மட்டும் அணைந்தால் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

புது பியூஸும் போய்விட்டால்?

பெரிய பியூஸ் போடாதீர்கள். எங்கோ வயர் உரசி உரிந்திருக்கிறது. தகட்டுத் துளை வழியாக வயர் நுழையும் இடங்களை முதலில் பாருங்கள். அங்கே ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இடம் தெரியாவிட்டால், பியூஸைக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டில்லாமல் ஓட்டி வந்து வயரிங் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில், ஸ்டியரிங் பக்கம் மஞ்சள் உறை போட்ட வயர்களை டெஸ்ட் லேம்பால் தொடவே கூடாது.

தீ என்றால் என்னவென்று நம் பகுதிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத் தீயில் போன உயிர்களை இன்னும் நாம் மறக்கவில்லை. கோடையில் காய்ந்த புல்லோரம் ஒரு வண்டி பற்றினால், அது வண்டியோடு நிற்காது. ஜீப்பில் ஏறும் தோட்டத் தொழிலாளர் ஒவ்வொருவரும் ஓட்டுநரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

இன்று மாலை உங்கள் வீட்டு வண்டியின் பியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஒரு பியூஸின் விலை மிகச் சொற்பம்.