கன்னபிடையாலும் தன் மருத்துவமும்

உறக்கமின்மை, மனக்கலக்கம், மூட்டுவலி ஆகியவற்றிற்கு மருத்துவரை நாடாமலே கன்னபிடையால் கலந்த எண்ணெயைப் பயன்படுத்துவோர் உள்ளனர். இது குறித்துச் சில உண்மைகளை அறிதல் நலம்.

கஞ்சாச் செடியிலுள்ள வேதிப்பொருள்களுள் கன்னபிடையாலும் ஒன்று. போதை தருவது இதுவன்று. டெட்ராஹைட்ரோ கன்னபினால் என்னும் பிறிதொரு பொருளே. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் இச்செடியின் பிசினையும் பூங்கொத்தையும் கட்டுப்படுத்துகிறது. பூங்கொத்தோடு சேராத இலையும் விதையும் அச்சட்டம் கூறும் 'கஞ்சா' என்பதில் அடங்கா. எனவேதான், உரிமம் பெற்றோர் இலையிலிருந்து ஆயுர்வேத மருந்துகள் தயாரிக்க இயலுகிறது.

விதை எண்ணெய் வேறு, இலைச்சாறு வேறு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021இல் விதையையும் அதன் எண்ணெயையும் உணவாக ஏற்றது. அவ்வுணவில் கன்னபிடையால் கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஆகவே, விதை எண்ணெயை உறக்க மருந்தாகக் கருதுவது பிழை. இலையோ, மருந்து விதிகளில் ஆயுர்வேத நச்சுப்பொருள்களின் பட்டியலில் உள்ளது. அது சேர்ந்த உள்மருந்தின் மீது, மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்படுதல் கட்டாயமாகும்.

அமெரிக்கா 2018இல் கன்னபிடையாலை மருந்தாக ஏற்றபோது, இருவகைக் கடும் வலிப்பு நோய்களுக்கே அனுமதி அளித்தது. அதனால் அயர்வும், கல்லீரல் பாதிப்பும் நேரலாம். இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் விளைவு மிகுதலும் உண்டு.

ஆகவே, பயன்படுத்துவோர் புட்டியின் மேலுள்ள விவரத்தைப் படித்து, தாம் உட்கொள்ளும் பிற மருந்துகளை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். உணவுக்கும் மருந்துக்கும் உள்ள இவ்வேறுபாட்டை மக்களுக்கு விளக்குவது அலுவலர்களின் கடமையாகும்.