சுத்தமான மண்ணுக்கு எதற்குக் கையுறை?

சிடாம் கிரி

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலை பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் நீ எழுதிய ஒரு சங்கதி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சுங்கைப் பட்டாணிப் பக்கம் பிளாஸ்டிக் கழிவு எரித்த இடத்தில் மண் எடுத்தபோது எல்லாரும் கையுறை, பூட்ஸ், முகக்கவசம் என்று நின்றீர்கள். பிறகு ஒப்பீட்டு மாதிரிக்காகப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் ஈரமான தாழ்நிலத்துக்குப் போனதும் மேற்பார்வையாளர் கையுறையைக் கழற்றிவிட்டு, "இது சுத்தமான மண்தானே" என்றாராம். "சுத்தமான மண்ணுக்கு எதற்குக் கையுறை, ஐயா?" என்று நீயும் என்னைக் கேட்கிறாய்.

தம்பி, 'சுத்தம்' என்று ஆய்வுக்கூடம் சொல்வதற்குப் பொருள், நீங்கள் தேடச் சொன்ன ஈயமும் காட்மியமும் எண்ணெயும் அதில் அளவுக்கு மீறி இல்லை என்பது மட்டுமே. தேடச் சொல்லாதது இருக்கிறதா இல்லையா என்று அந்தத் தாள் பேசாது. நம் கெடா மண்ணில், அதிலும் வயல், தாழ்நிலம், காண் ஓரம் போன்ற ஈரமான இடங்களில் இயற்கையாகவே குடியிருக்கும் ஒரு கிருமி உண்டு. பர்க்ஹோல்டேரியா சூடோமாலை என்று அதற்குப் பெயர். அது தரும் நோய் மெலியோய்டோசிஸ். 2005 முதல் 2008 வரை அலோர் ஸ்டார் வட்டாரத்தில் மட்டும் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள் 145 பேர். அவர்களில் மூன்றில் ஒருவர் இறந்துபோனார். பாதிக்கு மேற்பட்டவர்கள் சர்க்கரை நோயாளிகள்.

இந்தக் கிருமியைத் தேடி மண் எடுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கென்று 2013இல் ஒரு பன்னாட்டு வழிகாட்டி வந்தது. எவ்வளவு ஆழத்தில் மண் எடுக்கச் சொல்கிறது தெரியுமா? 30 சென்டிமீட்டர். மண் துளைக்கும் உன் ஆகர் அன்றாடம் இறங்கி ஏறும் ஆழம்! அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வேலையில் எனக்கு அதிகக் கவலை தருவது ஒப்பீட்டுக் குழிதான். நஞ்சுள்ள இடத்தில் பயம் இருக்கிறது, பயம் கையுறையைப் போட வைக்கிறது. 'சுத்தமான' இடத்தில் முள் கீறிய விரலோடு சேற்றை அள்ளிப் பையில் போட்டுவிட்டு, அதே கையால் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கிறீர்கள்.

இந்த நோயின் கதையை நான் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் கேள். 1912இல் ரங்கூனில் இதை முதன்முதலில் விவரித்தவர்கள் இருவர்: ஆல்பிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசுவாமி. பிறகு உலகம் இதை 'விட்மோர் நோய்' என்றே அழைத்தது. கிருஷ்ணசுவாமி எங்கே போனார்? கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இருக்கிறார், நோயின் பெயரில் இல்லை. மறுவருடம் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஆய்வுக்கு வளர்த்த விலங்குகள் மடியத் தொடங்கின. அங்கே ஸ்டான்டனும் பிளெட்சரும் ஆண்டுக்கணக்காக இதைத் துருவினார்கள். அவர்கள் கண்ட நோயாளிகளில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களும் உண்டு. நம் பாட்டன்மார் கால் வைத்த மண்ணிலிருந்து வந்த அறிவு இது, நமக்கே தெரியாமல் கிடக்கிறது.

அதே 1913இல் கோனன் டாயில் ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதினார். சுமத்ராவில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவன், கூரிய சுருள்கம்பியில் கீழை நாட்டுக் கிருமியைத் தடவிப் பெட்டியில் வைத்து அனுப்புகிறான். கதையில் வரும் 'தப்பானுலிக் காய்ச்சல்' இந்த நோயாகத்தான் இருக்கவேண்டும் என்று வாதிடும் மருத்துவர்கள் உண்டு. எனக்கும் அதுவே கட்சி. தோட்டம், சுமத்ரா, சின்னக் கீறல் ஒன்றில் நுழையும் சாவு: வேறென்ன வேண்டும்?

சரி, கதை போதும். பகாங் மாநிலத்தின் லுபோக் யூவில் 2010இல் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடப் பலர் இறங்கினார்கள். அதற்குப் பிறகு அவர்களில் 10 பேருக்கு இந்த நோய் கண்டது, சிலருக்கு எலிக்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அந்தப் பரவலில் எட்டுப் பேர் பிழைக்கவில்லை. தண்ணீரையும் சேற்றையும் யாரும் சந்தேகிக்கவில்லை.

நீ செய்யவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மெல்லிய நைட்ரில் கையுறை மாதிரியைக் காக்கத்தான் ஏற்பட்டது, ஆகரைத் திருகினால் கிழிந்துவிடும். அதற்கு மேல் தடித்த கையுறை ஒன்று போடு, மாதிரியை எடுக்கும்போது மட்டும் அதைக் கழற்று. கீறல் இருந்தால் நீர் புகாத கட்டுப் போடு. முழங்கால் வரை பூட்ஸ் கட்டாயம். ஜப்பான் சிலிப்பரோடு வெளிக்காட்டில் இறங்குகிறவனை என் மாணவன் என்று சொல்லிக்கொள்ளாதே. கழுவத் தண்ணீரும் சோப்பும் வண்டியில் இருக்கட்டும். பெருமழை, சூறைக்காற்று என்றால் வேலையை நிறுத்து. அந்த நேரத்தில் கிருமி மூச்சோடும் உள்ளே போகும். திறந்தவெளியில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடிக்குக் காத்திருப்பதும் புத்திசாலித்தனம் இல்லை.

மண் எடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், கிளினிக்கில் முதல் வார்த்தையாக "நான் மண் அள்ளுகிற வேலை" என்று சொல். இதற்குச் சாதாரணக் காய்ச்சல் மருந்து உதவாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி மருந்து ரத்தக்குழாய் வழியாகக் குறைந்தது 10 நாளாவது ஏற வேண்டும், அதன்பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை. தடுப்பூசியும் கிடையாது. மூன்று வாரம் தாண்டிவிட்டது என்று மறந்தும்விடாதே. பல ஆண்டு கழித்தும் நோய் வெளிப்பட்டதாக மருத்துவப் பதிவு இருக்கிறது.

மற்ற ஆபத்துகளை நீ அறிவாய். ஆள் உயரக் குழியில் முட்டுக் கொடுக்காமல் இறங்காதே. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. பால்மரக் காட்டுச் சருகில் கிடக்கும் கபாக் பாம்பு ஆள் வந்தாலும் நகராது, கோலால் தட்டிவிட்டுக் கால் வை.

மேற்பார்வையாளர் முகம் சுளித்தால் சட்டம் உன் பக்கம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிடுவது முதலாளியின் கடமை. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், நீ அந்த இடத்தைவிட்டு விலகலாம்.

ஒன்றே ஒன்று. 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி நம் நாட்டு இந்தியர்களில் வயதுவந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை. மண் தோண்ட நீங்கள் நாள்கூலிக்கு அழைத்துப் போகும் தோட்டத்துப் பெரியவர்கள் யார் என்று யோசி. அடுத்த முறை பாலிங் பக்கம் போகும் முன், அவர்களில் யாருக்குச் சர்க்கரை, யார் காலில் புண் என்று கேட்டுவிட்டு, அவர்களை ஈரக்குழிக்கு அனுப்பாமல் பைக்குச் சீட்டு எழுத உட்காரவை. கூலியைக் குறைக்காதே. இந்தக் கடிதத்தை மேற்பார்வையாளரிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

அன்புடன்,
உன் ஆசிரியர்