பற்றுவரவுப் புத்தகமும் கணினிக் குக்கியும்

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் மளிகைக் கடை நடத்திய நம் பெரியவர்களிடம் ஒரு பற்றுவரவுப் புத்தகம் இருந்தது. எந்த வீட்டில் அரிசி கடனாகப் போயிற்று, சம்பள நாளில் யார் பாதிதான் கட்டினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை அவர்கள் அடுத்தவருக்கு விரித்துக் காட்டமாட்டார்கள். காட்டினால் மறுநாள் கடைக்கு ஆள் வராது. வியாபாரத்தில் நம்பிக்கையும் ஒரு முதல் அல்லவா?

இன்று நம்மில் பலர் கடையோடு இணையத்தளமும் வைத்திருக்கிறோம். அங்கேயும் ஒரு புத்தகம் எழுதப்பட்டு வருகிறது. அதை எழுதுவது யார், படிப்பது யார் என்று அறிந்துகொள்வது நம் கடமை.

குக்கி என்றால் என்ன?

1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மொண்டுல்லி என்பவர் இதை அமைத்தார். ஒருவர் நம் தளத்துக்கு வந்ததும், தளமானது ஒரு சிறு குறிப்பை அவருடைய உலாவியில் வைக்கிறது. அவர் மறுபடி வரும்போது உலாவி அக்குறிப்பைத் திருப்பிக் கொடுக்கும். கூடையில் இரண்டு சட்டை எடுத்து வைத்தவர் இவரே என்று தளம் தெரிந்துகொள்ளும். வாடிக்கைக்காரரைக் கடைப்பையன் முகம் பார்த்து அறிவது போன்றது இது, இதில் குற்றமில்லை.

மூன்றாமவர் வைக்கும் குக்கியே கவலைக்குரியது. ஒரு விளம்பரக் கம்பெனியின் நிரல் பத்துக் கடைகளின் தளங்களில் பொருத்தப்பட்டிருந்தால், பத்திலும் அந்த ஆளுக்கு ஒரே இலக்கம். காலையில் உம்ராப் பயணக் கட்டணம் பார்த்தவரும், மத்தியானம் நீரிழிவு மருந்து தேடியவரும், இரவில் கடன் கேட்டவரும் ஒருவரே என்று அக்கம்பெனி சேர்த்து எழுதிக்கொள்கிறது. எங்காவது அவர் தம் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டால் அதையும் சேர்த்துவிட முடியும். சபாரி, பயர்பாக்ஸ் ஆகிய உலாவிகள் இவ்வகைக் குக்கிகளைத் தாமே கட்டுப்படுத்துகின்றன. குரோம் உலாவியிலிருந்து இவற்றை நீக்குவதாக 2020இல் அறிவித்த கூகுள், 2024இல் அத்திட்டத்தைக் கைவிட்டது.

நம்மைத் தொட்ட ஒரு விவகாரம்

தொழுகை நேரமும் கிப்லாத் திசையும் காட்டும் முஸ்லிம் புரோ என்ற சிங்கப்பூர்ச் செயலியை நம்மில் அநேகர் அறிவோம். அதைப் பயன்படுத்துவோர் இருக்கும் இடத்தின் விவரம் எக்ஸ்-மோடு என்ற அமெரிக்கத் தரகுக் கம்பெனிக்குச் சென்றதாகவும், அக்கம்பெனியின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்கள் இருந்ததாகவும் 2020 நவம்பரில் மதர்போர்டு ஏடு வெளியிட்டது. செய்தி வந்ததும், அத்தரகரோடு உள்ள தொடர்பை முறித்துக்கொள்வதாகச் செயலி நடத்துவோர் அறிவித்தனர். அந்தரங்கமான இட விவரங்களை அத்தரகுக் கம்பெனி விற்கக்கூடாதென்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2024 ஜனவரியில் தடை செய்தது. இங்கே வேலை செய்தது குக்கியன்று. செயலிக்குள் பொருத்திய வேறொரு நிரல். ஆயினும் வழி ஒன்றே: இபாதத்துக்காகத் திறந்த கதவு, அந்நியர் நுழையும் வாசலாயிற்று.

சட்டம் சொல்வது

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 15.11.2013 முதல் அமலில் இருக்கிறது. வியாபாரத்தில் பெறப்படும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் அனைத்தையும் அது காக்கிறது. சிறிய கடை என்பதற்காக விலக்கில்லை. ஒருவரின் உடல்நலமும் மதமும் மிக நுண்ணிய விவரங்கள். வெளிப்படையான சம்மதம் வேண்டும். 2024இல் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஏப்ரல் முதல் விதிகளை மீறினால் 10 லட்சம் வெள்ளி வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 2025 ஜூன் முதல், பெருந்தீங்கு தரக்கூடிய கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும்.

நாம் செய்யவேண்டியவை

1. தளம் அமைத்துக் கொடுத்தவரிடம், எந்தெந்தக் கம்பெனிகளின் நிரல் உள்ளே இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தேவையற்றதை எடுத்துவிடச் சொல்ல வேண்டும்.

2. எதற்காக விவரம் பெறுகிறோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்ற அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் வைப்பது சட்டம். தோட்டத்து வாடிக்கைக்காரருக்காகத் தமிழிலும் வைப்பது நம் மரியாதை.

3. சட்டை விற்பதற்கு அடையாள அட்டை எண் எதற்கு? தேவைக்கு மேல் கேட்கலாகாது. வேலை முடிந்த விவரத்தை அழித்துவிட வேண்டும்.

4. விளம்பரச் செய்தி வேண்டாமென்று எழுதிக் கேட்டவருக்கு, அனுப்புவதை நிறுத்த வேண்டும்.

5. நம் சொந்தக் கைப்பேசியிலும் மூன்றாமவர் குக்கியைத் தடுத்து, இடம் காட்டும் அனுமதியைத் தேவையான செயலிக்கு மட்டும் அளிக்க வேண்டும்.

பிறர் குறைகளைத் துருவித் தேடுவதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் விலக்குகிறது. வாடிக்கைக்காரர் நம்மிடம் தரும் விவரம் ஓர் அமானத். நாம் தேடாவிட்டாலும், நம் கடை வழியாகப் பிறர் தேட இடம் கொடுத்தால் அந்தப் பொறுப்பு நம்மைச் சாராமல் போகாது. ஆகவே வியாபாரச் சகோதரர்கள் இந்த வாரமே தத்தம் தளத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.