முகப்படத்துக்கு ஏற்ற லென்ஸ் எது?

தொம்மலூரில், தமிழ்க் கல்வெட்டுகள் கொண்ட பழமையான சொக்கநாத சுவாமி கோயிலின் வெளியே, முதிய தந்தையையும் அவர்தம் பேரக்குழந்தையையும் படமெடுக்க விரும்புகிறோம் எனக் கொள்வோம். மேனுவல் ஃபோகஸ் லென்ஸ் வாங்குவதா, ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வாங்குவதா?

முதலில் ஒரு கணக்கு. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4 அளவில் திறந்து, 2 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால், தெளிவாகப் பதியும் ஆழம் ஏறத்தாழ 4.5 செ.மீ. மட்டுமே. கண்ணில் அமைய வேண்டிய ஃபோகஸ் காதில் அமைந்துவிட்டால் படம் வீண். எஃப் 2.8 அளவில் இவ்வாழம் இரட்டிப்பாகும்.

அசையாது அமர்ந்திருக்கும் தந்தைக்கு, பெரும்பாலும் விலை குறைந்த மேனுவல் லென்ஸே போதும். திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து வளையத்தைத் திருப்பலாம். ஓடும் குழந்தைக்கோ ஆட்டோஃபோகஸே ஏற்றது.

பழைய லென்ஸ் வாங்குவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நிக்கான் டி3500, டி5600 கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. தனக்கென மோட்டார் இல்லாத 85 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை அவற்றில் பொருத்தினால், ஆட்டோஃபோகஸ் இயங்காது. கொடுத்த கூடுதல் பணம் பயனற்றதாகும்.

ஆகவே, தவணைப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன், லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து நம் கேமராவிலேயே சோதிப்போம். தந்தை மட்டும் எனில் மேனுவல் போதும். இருவரும் எனில் ஆட்டோஃபோகஸையே தேர்வோம். வேண்டும்போது அதையும் கையால் திருப்பலாம்.