எந்தப் பாடத்துக்கு எந்தத் தேர்வு?

முதலில் உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையைப் பின்பற்றும் இணைப்புக் கல்லூரி என்றால், எழுத்துப் பாடத்தில் 60 விழுக்காடு செமஸ்டர் தேர்வுக்குப் போய்விடும். அந்த வினாத்தாளை நீங்கள் தொட முடியாது. மீதி 40 இன்டர்னல். அதையும் செமஸ்டர் தாளின் ஒத்திகையாக்கி வீணடிப்பதுதான் வழக்கம். அங்கே செமினார், கேஸ் ஸ்டடி, மினி புராஜெக்ட் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. தன்னாட்சிக் கல்லூரிக்காரர்களுக்கு இன்னும் தாராளம்.

அடுத்து, பாடம் முடிந்ததும் மாணவர் எதைச் செய்துகாட்ட வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். ‘கணக்கிட வேண்டும்’ என்றால் ஒரு தேர்வு, ‘வடிவமைக்க வேண்டும்’ என்றால் வேறு தேர்வு.

வடிவமைப்புப் பாடம் என்றால் புத்தகத்தை உள்ளே விடுங்கள். கான்கிரீட் வடிவமைப்பில் ஐஎஸ் 456 விதிநூலை அனுமதிப்பது பழைய வழக்கம்தான். கேள்விதான் அதற்கேற்ப மாறுவதில்லை. ‘இரு முனையிலும் சாதாரணமாகத் தாங்கப்பட்ட பீமுக்கு நீளம்–ஆழ விகிதம் எவ்வளவு?’ என்று கேட்டால், பக்கத்தைப் புரட்டி 20 என்று எழுதிவிடுவார். மாறாக, 6 மீட்டர் நீளம், 250 மில்லிமீட்டர் பயனுறு ஆழம், கம்பியின் அளவு எல்லாம் கொடுத்து, ‘இந்த பீமை ஏற்பீர்களா?’ என்று கேளுங்கள். விகிதம் 24. கம்பியைப் பொறுத்து வரும் திருத்தக் காரணி அதைக் காப்பாற்றுமா என்று அவரே முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவு எந்தப் பக்கத்திலும் இல்லை.

கணக்குப் பாடங்களுக்குக் கொள்குறி வினா ஆசைகாட்டும்; திருத்துவது சுலபம். ஆனால் நான்கு விடைகளில் ஒன்று என்றால், 20 கேள்விக்குக் கண்ணை மூடிக் குறித்தாலும் சராசரியாக 5 சரியாகிவிடும். கேட் தேர்வில் இருப்பதுபோல, எண்ணை மட்டும் விடையாகக் கேட்பது மேல். விடைகளைச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கும் குறுக்குவழியும் அடைபடும்.

வைவா நல்லதுதான். 60 பேருக்குத் தலா 10 நிமிடம் என்றால் 10 மணி நேரம். புராஜெக்டுக்கும் லேபுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் தயாரானதும் நீங்களே உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனால், மாணவருக்கு மூன்று மணி நேரம் வேண்டும் என்பது என் கணக்கு. அப்போதே ஆன்சர் கீயில் படிக்குப் படி மதிப்பெண்ணைப் பிரித்துவிடுங்கள். முதல் படியில் கூட்டல் பிசகினால், அதற்குரிய மதிப்பெண்ணோடு தண்டனை நிற்க வேண்டும். பின்னால் வரும் படிகளின் முறை சரியென்றால் கொடுத்துவிடுங்கள்.

புதிய வடிவத்தை முதல் வாரத்திலேயே ஒரு மாதிரித் தாளோடு வகுப்பில் சொல்லிவிடுங்கள். எந்த நூல் வைத்திருக்கலாம், ஓரத்தில் பென்சில் குறிப்பு இருக்கலாமா, ஜெராக்ஸ் பக்கம் செல்லுமா என்பதை வினாத்தாளின் தலையிலேயே அச்சிடுங்கள். அன்றைக்கு ஹாலில் நிற்பவர் வேறு துறைக்காரராக இருப்பார். அவருக்கு ஐஎஸ் 456 எது, கைடு எது என்று தெரியாது.