புதிய காரும் பழைய கணக்கும்

சாலைக் கடைத்தெருவை அறியாத தமிழ் மாணவர் நம் பல்கலைக்கழகத்தில் இருக்க முடியாது. கிழக்கேக்கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் அத்தெருவில், கைவண்டிக்கும் ஆட்டோவுக்கும் இடையே ஒதுங்கி ஒதுங்கி, ஒருமுறையேனும் நாம் அனைவரும் நடந்திருப்போம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் அமைத்த அங்காடி அது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் வந்த வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே கடை நடத்தி வருகின்றனர். என் சித்தப்பாவும் அவர்களுள் ஒருவர். மிளகாய், மல்லி, புளி மொத்த வியாபாரம்.

சென்ற ஆண்டு சித்தப்பா ஒரு கார் வாங்க விரும்பினார். மின்சாரத்தில் ஓடும் கார். சந்தைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. விலை 17 லட்சம் ரூபாய். சீட்டு எடுத்த பணமும் கையிருப்பும் சேர்த்துக் கடன் இல்லாமலே முழுத்தொகையையும் கட்டிவிட்டார். மகள் திருமணம் நாகர்கோவிலில் நடக்கவிருந்தது. அதற்குமுன் வண்டி வீட்டு வாசலில் நிற்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் காப்பீடு இல்லாமல் வண்டியைப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் சாலையில் ஓட்ட முடியாது. விற்பனை நிலையத்தார் காட்டிய காப்பீட்டுத் தொகை அதிகம் என்று தோன்றவே, சித்தப்பா தமக்குப் பழக்கமான முகவரை அழைத்தார்.

முகவர் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தார். ஒரு நிறுவனத்தின் பட்டியலில் அந்த வண்டியின் பெயரே இல்லை. இன்னொரு நிறுவனம், ‘தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிக் கேட்கவேண்டும்’ என்றது. மூன்றாவது நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் தொகை மிகுதி, தேய்மானக் கழிவின்றி இழப்பீடு தரும் கூடுதல் பிரிவும் கிடையாது. சற்று நேரம் யோசித்த முகவர் ஒரு வழி சொன்னார்.

“அண்ணாச்சி, இதே கம்பெனியோட பழைய மாடல் ஒண்ணு லிஸ்ட்டுல இருக்கு. அந்தப் பேருல போட்டுருவோம். கல்யாணம் முடியட்டும், அப்புறமா மாத்திக்கிடலாம்.”

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். “என்ன மக்ளே, நீ காலேஜ்ல இதைத்தானே படிக்கே. போடலாமா, கூடாதா?”

வணிகவியல் மாணவனாகிய எனக்கு அன்று விடை தெரியவில்லை. ‘இரண்டு நாள் பொறுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நூலகத்துக்குச் சென்றேன். அங்கே படித்தவற்றையும் பிறகு கேட்டறிந்தவற்றையும் நம் சங்க இதழில் எழுதிவைத்தால், நாளை தம் வீட்டுக்கு வண்டி வாங்கும் நண்பர்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

முதலில், புதிய காரைக் கண்டு காப்பீட்டு நிறுவனம் ஏன் தயங்கவேண்டும்? பழைய கார்தானே அடிக்கடி கெடும், புதியது உறுதியானதன்றோ என்று நமக்குத் தோன்றுகிறது. காப்பீட்டின் கணக்கு வேறு. காப்பீட்டாளர் வண்டியைப் பார்த்து விலை சொல்வதில்லை. அதே வகையைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு இதுவரை நேர்ந்ததைப் பார்த்தே விலை சொல்கிறார். ஓர் ஆண்டில் எத்தனை வண்டிகள் மோதின, எத்தனை களவு போயின, ஒரு கதவை மாற்ற என்ன செலவு ஆயிற்று என்ற பழைய ஏடுகளே அவருக்குத் துணை. புதிய வகைக்கு அந்த ஏடு இல்லை. முன்விளக்கு ஒன்று உடைந்தால் என்ன விலை, எங்கிருந்து வரும், எத்தனை நாளாகும், பழுது பார்க்கத் தெரிந்தவர் இந்த ஊரில் உண்டா என்ற கேள்விகளுக்கும் விடை இராது. அறியாமைக்கு ஒரு விலை உண்டு. அதை முதலில் வாங்குபவரே கொடுக்கிறார்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவருக்கு உடனே விளங்கிற்று. புதிதாகக் கடை வைத்த ஒருவர் கடனுக்குச் சரக்குக் கேட்டால் அவரும் இல்லையென்பதில்லை. முதல் மூன்று லோடு ரொக்கத்துக்கு எடுக்கச் சொல்லுவார். “நானும் அதைத்தானே செய்யுதேன்” என்று சிரித்தார்.

காப்பீட்டாளரின் அச்சம் வெறும் கற்பனையன்று. அமெரிக்காவில் ரிவியன் என்னும் புதிய நிறுவனம் 2021-இல் மின்சாரச் சரக்கு வண்டியொன்றை வெளியிட்டது. அவ்வண்டிகளுள் ஒன்றைப் பின்னாலிருந்து வந்த கார் இலேசாக இடித்தது. பழுது பார்க்க ஏறத்தாழ 42,000 டாலர் ஆயிற்று என்று 2023-இல் செய்தித்தாள்களில் வந்தது. பக்கத் தகடு கூரை வரை ஒரே துண்டாக அமைந்திருந்ததுதான் காரணம். இப்படியொன்று நேரும் என்பது வண்டியை வெளியிட்ட நாளில் எந்தக் காப்பீட்டாளருக்குத் தெரிந்திருக்கும்? அதே 2023-இல் பிரிட்டனில் ஜான் லூயிஸ் என்னும் நிறுவனத்தின் காப்பீட்டுப் பிரிவு, மின்சாரக் கார்களுக்குக் காப்பீடு வழங்குவதைச் சிலகாலம் நிறுத்தியே வைத்தது.

பிரிட்டனில் நெடுங்காலமாக ஒரு முறை உண்டு. புதிய கார் சந்தைக்கு வருமுன்பே அதனை தாட்சம் என்னும் ஆய்வு நிறுவனம் பரிசோதிக்கும். மெதுவான வேகத்தில் மோதவிட்டுச் சேதத்தை அளப்பர். வழக்கமாக உடையும் 23 உறுப்புகளின் விலையைக் கேட்டு வாங்குவர். பிறகு 1 முதல் 50 வரையுள்ள பிரிவுகளுள் ஒன்றில் அக்காரைச் சேர்ப்பர். அண்மையில் இம்முறையை மாற்றியமைத்து வருகின்றனர் எனினும் அடிப்படை அதுவே. கடந்த காலம் இல்லாத பொருளுக்குச் சோதனையால் ஒரு கடந்த காலத்தை உண்டாக்கித் தருகின்றனர் எனலாம். சித்தப்பாவின் முகவரிடம் அப்படிப்பட்ட பட்டியல் ஒன்றும் இல்லை.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். பலரும் குழம்பும் இடம் இது. கார்க் காப்பீடு என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் இரண்டு காப்பீடுகள். ஒன்று, நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கானது. இதனை மூன்றாம் நபர் காப்பீடு என்பர். மற்றொன்று, நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கானது. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது முதலாவதை மட்டுமே. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் அக்கட்டாயம் 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 146-ஆம் பிரிவு. காப்பீடின்றி ஓட்டினால் முதல் குற்றத்துக்கு 2,000 ரூபாய் தண்டமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகள் குறித்து 2012-இல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2018 ஜூலையில் பிறந்த ஆணையின்படி, அவ்வாண்டு செப்டம்பர் முதல் புதிய கார் வாங்குவோர் மூன்று ஆண்டுகளுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை ஒருசேர எடுக்கவேண்டும். ஒரு தமிழ் மருத்துவரின் முயற்சி நாடெங்கும் விற்கும் ஒவ்வொரு புதிய காரையும் தொட்டிருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்த மூன்றாம் நபர் காப்பீட்டின் விலையை நிறுவனங்கள் தம் விருப்பம்போல் வைக்க முடியாது, அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையில், 1,500 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எஞ்சினுடைய காருக்கு ஆண்டுக்கு 7,897 ரூபாய். 65 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மின்சாரக் காருக்கு 6,712 ரூபாய். புதிய வண்டியானால் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 20,907 ரூபாய். வண்டி யார் செய்தது, என்ன பெயர், சந்தைக்கு வந்து எத்தனை நாளாயிற்று என்று அட்டவணை கேட்பதில்லை. மோட்டாரின் ஆற்றலை மட்டுமே கேட்கிறது. ஆகவே சித்தப்பாவின் கார் புதிய வகை என்பதற்காக இந்தப் பாதியில் ஒரு ரூபாயும் கூட்ட வழியில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. 7,897-இல் 15 விழுக்காட்டைக் கழித்துப் பாருங்கள், 6,712 வரும். மற்ற இரண்டு படிகளிலும் அப்படியே. தனக்கெனப் போதிய பழங்கணக்கு இல்லாத மின்சாரக் காருக்கு, பெட்ரோல் காரின் கணக்கையே கடனாக வாங்கி, ஊக்கத்துக்காகச் சற்றுக் குறைத்துத் தந்திருக்கின்றனர். அரசுக்கும் வேறு வழி இருந்திராது.

இரண்டாவது பாதியில்தான் சித்தப்பா சிக்கிக்கொண்டார். 2007 ஜனவரி 1 முதல் இப்பகுதியின் விலை நிறுவனங்களின் பொறுப்பில் விடப்பட்டது. புதிய வகைக்கு ஒருவர் கூட்டிக் கேட்கலாம். ஒருவர் வேண்டாமென்றே சொல்லலாம். ஆனால் 2019 செப்டம்பர் முதல் இதனைத் தனியாகவும் வாங்கலாம் என்று விதி வந்துள்ளது. மூன்றாம் நபர் காப்பீட்டை ஓரிடத்தில் எடுத்து வண்டியைப் பதிவு செய்துவிட்டு, சொந்தச் சேதக் காப்பீட்டை வேறோரிடத்தில் பிறகு எடுத்துக்கொள்ளலாம். வங்கிக் கடன் இருந்தால் வங்கி இதற்கு இசையாது. சித்தப்பாவுக்குக் கடன் இல்லாதது நல்லதாயிற்று. இடைப்பட்ட நாட்களில் வண்டி அடிபட்டால் செலவு நம்முடையதே என்பதை மட்டும் மறக்கலாகாது.

முகவர் சொன்ன குறுக்கு வழியைப் பற்றி இனிச் சொல்கிறேன். காப்பீட்டுச் சட்டத்தின் வேர் நல்லெண்ணம். இரு தரப்பாரும் தாம் அறிந்ததை மறைக்கலாகாது. இதனை நிலைநாட்டிய பழைய தீர்ப்பு 1766-இல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு வழங்கியது. வழக்கு எழுந்த இடமோ நம் முன்னோர் கலம் செலுத்திய சுமத்திரா. பெங்கூலனிலிருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர், பகைவர் கோட்டையைப் பிடித்தால் இழப்பீடு பெறுமாறு காப்பீடு எடுத்திருந்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். கோட்டையின் வலிமைக்குறைவை மறைத்தார் என்று காப்பீட்டாளர் பணம் தர மறுத்தார். அவர் தாமே அறிந்திருக்கக்கூடியதைச் சொல்லாதது மறைப்பு ஆகாது என்று ஆளுநருக்கே வெற்றி கிட்டிற்று. ஆயினும் ஒருவர் மட்டும் அறிந்த உண்மையை மற்றவரிடம் மறைத்தால் ஒப்பந்தம் செல்லாது என்ற விதி அன்று முதல் நிலைத்தது.

மற்றொரு செய்தியும் படித்தேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் லாயிட்ஸ் சந்தையில் முதன்முதலாகக் காருக்குக் காப்பீடு எழுதியபோது, அதற்கென்று பத்திரம் இல்லாமையால், தரையில் செல்லும் கப்பல் என்று கருதிக் கப்பலுக்குரிய முறையிலேயே எழுதினார்களாம். பெயரை மாற்றி எழுதுவதில் தவறில்லை என்று முகவர் இதைக் காட்டி வாதாடலாம். ஆனால் அங்கே எழுதியவருக்கும் எழுதுவித்தவருக்கும் அது கார் என்று தெரியும். இங்கே நிறுவனத்துக்குத் தெரியாது. பதிவுச் சான்றில் ஒரு வகை, பத்திரத்தில் வேறொரு வகை. நாளை வண்டி நொறுங்கினால் 17 லட்சத்தையும் மறுக்க இந்த ஒரு வரி போதும். வழியில் எவரேனும் அடிபட்டு, நீதிமன்றம் அவருக்குத் தொகை விதித்தால், நிறுவனம் பொறுப்பிலிருந்து விலகவோ, கட்டியதைச் சித்தப்பாவிடமே திரும்பக் கேட்கவோ வழக்காடும். அப்போது முகவர் எங்கே இருப்பாரோ!

“அப்போ அந்தப் பேச்சே வேண்டாம்” என்றார் சித்தப்பா. கடையில் எடைக்கல் விஷயத்தில் அவர் கண்டிப்பானவர்.

மறுநாள் காப்பீட்டு நிறுவனமொன்றின் கிளை அலுவலகத்துக்கு நேரில் சென்றோம். இணையத்தில் பெயர் இல்லையென்றால் வண்டியே இல்லையென்று பொருளன்று. அங்கே ஓர் அதிகாரி தாள்களைப் பார்த்து முடிவு செய்வார். விலைப்பட்டியல், மோட்டாரின் ஆற்றலும் மின்கலத்தின் அளவும் குறித்த தொழில்நுட்பத் தாள், அந்த வகைக்கு அரசின் ஆய்வு நிறுவனம் வழங்கிய ஒப்புதல் சான்று, அருகிலுள்ள பழுதுபார்க்கும் நிலையத்தின் முகவரி ஆகியவற்றைக் கேட்டார். பழுதுபார்க்கும் நிலையம் கொச்சியில் என்றதும் புருவத்தை உயர்த்தினார். மூன்றாம் நபர் காப்பீடு அன்றே கிடைத்தது. மற்றதற்கு ஒன்பது நாள் ஆயிற்று.

அந்த ஒன்பது நாளில் நாங்கள் கவனித்த ஒன்றைக் குறிக்கவேண்டும். புதிய காருக்கு நிறுவனம் ஏற்கும் மதிப்பு, விலையில் 5 விழுக்காடு கழித்தது. 17 லட்சத்துக்கு 16 லட்சத்து 15 ஆயிரம். சாலை வரி அதில் சேராது. வண்டி முழுதும் அழிந்தால் கட்டிய விலை முழுவதும் வேண்டுவோர் அதற்கென்று தனிப் பிரிவு வாங்கவேண்டும். பழுது பார்க்கையில் பிளாஸ்டிக், ரப்பர் உறுப்புகளுக்கும் பேட்டரிக்கும் பாதி விலையே தருவர். மின்சாரக் காரில் பேட்டரியே பெருஞ்செலவு. ஆதலின் அதற்குத் தனிக் காப்பு உண்டா என்று முதலிலேயே கேட்பது நலம். சித்தப்பாவுக்கு அது கிடைத்தது, கூடுதல் கட்டணத்தில்.

காப்பீட்டு நிறுவனத்தோடு தீராத பிணக்கு ஏற்பட்டால் கேரளத்தில் உள்ளோர் கொச்சியிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் உண்டு. எங்களுக்கு அந்தத் தேவை நேரவில்லை.

இந்தச் சிக்கல் இனி நமக்கு அடிக்கடி வரும். தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் கார் ஆலை 2025 ஆகஸ்டு 4-ஆம் நாள் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே இரண்டு வகைகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. (சித்தப்பாவின் வண்டி வேறு, நண்பர்கள் தவறாகக் கொள்ளவேண்டா.) இவ்வாறு புதுப்பெயர்கள் வந்துகொண்டேயிருக்கும்.

திருமணத்துக்குச் சித்தப்பா வாடகைக் காரில்தான் போனார். சொந்தக் கார் அதற்குப் பிறகே சாலைக்கு வந்தது. வந்த மூன்றாம் வாரம் மூட்டை ஏற்றிய கைவண்டியொன்று இடது கதவில் உராய்ந்து நீளமாகக் கோடு போட்டுவிட்டது. பார்வையிட வந்தவர் கதவைப் படம் பிடித்துக்கொண்டு, தம் ஏட்டில் அந்தக் கதவின் விலையைத் தேடினார். கிடைக்கவில்லை. “இந்த மாடல்ல எங்க ஆபீஸுக்கு வர்ற முதல் கிளெய்ம் உங்களுதுதான் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, விலை கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்.