மரத்தடியில் ஒரு பெஞ்சு



"எனக்கென்ன பைத்தியமா, கவுன்சிலிங் போறதுக்கு?" மனம் ஒடிந்துபோன பிள்ளையை ஆலோசனைக்கு அழைத்த பெற்றோர் பலர் கேட்ட பதில் இது. வெளிநாட்டு வேலை போய் ஊர் திரும்பியவர், தலாக்கிற்குப் பின் தாய்வீட்டில் ஒடுங்கிவிட்ட சகோதரி, பரீட்சையில் தவறிய மகன் என்று ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். மூடிய அறை, எதிரே ஓர் அந்நியர், வாசலில் பெயர்ப்பலகை. நினைத்தாலே கால் பின்வாங்குகிறது. யாராவது பார்த்துவிட்டால் வரன் தட்டிப்போகும் என்ற பயம் வேறு.

அறைக்குள் வர மறுப்பவரோடு திறந்த வெளியில் உட்கார்ந்து பேசினால் என்ன? இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

ஹராரே நகரத்துப் பாட்டிமார்

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரே. அங்கே ம்பாரே என்பது ஏழைகள் வாழும் பகுதி. 2005இல் அரசு குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்ததில் நாடெங்கும் பல லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்தார்கள். மனநல மருத்துவர்களோ நாட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு வர பஸ் கட்டணம் இல்லாமல்தான் அவர் வரவில்லை என்பது பிறகு தெரிந்தது.

மக்கள் இருக்கும் இடத்துக்கே சிகிச்சை போக வேண்டும் என்று சிபாண்டா 2006இல் ம்பாரேயில் பணியைத் தொடங்கினார். கிளினிக்கில் அறை இல்லை, நர்ஸுகளுக்கு நேரமும் இல்லை. கிடைத்தது வெளியே இருந்த வெற்றிடமும், ஏற்கெனவே சுகாதாரத் தொண்டு செய்துவந்த 14 பாட்டிமாரும்தான். மர பெஞ்சு ஒன்றைப் போட்டு "மனநல பெஞ்சு" என்று பெயர் வைத்தார். அந்தப் பெயருக்கு மக்கள் தயங்கினார்கள். பாட்டிமார் சொன்ன யோசனையின்படி அது "நட்பு பெஞ்சு" ஆனது.

பயிற்சி பெற்ற பாட்டி முதலில் 14 கேள்விகள் கேட்பார். 'மனச்சோர்வு நோய்' என்று சொல்லாமல், அவர்களது ஷோனா மொழியில் "குஃபுங்கிசிசா", அதாவது அளவுக்கு மீறி யோசித்தல், என்பார். வந்தவர் மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிய பிறகு, அவற்றில் ஒரே ஒரு பிரச்சினையை அவரே தேர்ந்தெடுப்பார். அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். அடுத்த முறை, செய்தது எப்படி இருந்தது என்று பேசுவார்கள்.

இதன் பலனை 573 பேரிடம் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் சுமார் பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பெஞ்சில் பேசியவர்களில் அது நூற்றுக்கு 14 பேருக்குத்தான் இருந்தது.

திறந்த வெளி என்ன செய்கிறது?

ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்வோம். ஹராரேயில் குணம் தந்தது மரநிழல் மட்டும் என்று சொல்ல முடியாது. பயிற்சியும் முறையும் அங்கே இருந்தன. அந்த எளிய பெஞ்சு, மக்கள் தயங்காமல் வந்து உட்கார வழி செய்தது.

பசுமைக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவப் பதிவுகளை ராஜர் உல்ரிச் ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

நம் அனுபவமும் இதுதான். வாப்பா முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, அவரோடு கண்மாய்க் கரையில் நடக்கும்போது மகன் சொல்லிவிடுவான். பக்கத்தில் நடப்பவரைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியதில்லை. இடையில் மௌனம் வந்தாலும் சங்கடமாக இருக்காது.

நம் ஊரில் செய்வதானால்

1. இடத்தை வருபவரே தேர்ந்தெடுக்கட்டும். கண்ணுக்குத் தெரியும் இடமாக, ஆனால் பேச்சு பிறர் காதில் விழாத தூரமாக இருக்கட்டும். சகோதரிகளுக்குப் பெண் ஆலோசகரே அமர வேண்டும்.

2. ஃபஜ்ருக்குப் பின் அல்லது அஸருக்குப் பின் வெயில் தாழ்ந்த நேரம் நல்லது. முதியவருக்கு நாற்காலி, குடிதண்ணீர், அருகில் கழிப்பிடம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. தெரிந்தவர் எதிரே வந்தால் என்ன சொல்வது என்பதை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் எங்கே போவது என்பதையும்தான்.

4. கேட்டது அமானிதம். வீட்டாரிடமும் ஜமாஅத்திலும் அது போகக் கூடாது.

5. சிலருக்கு வெட்டவெளி பதற்றம் தரும். அவர் அறையைக் கேட்டால் அறையே சரி.

எங்கே நிறுத்த வேண்டும்?

பொறுமையாகப் பேசும் எல்லாரும் ஆலோசகர் ஆகிவிட முடியாது. அந்தப் பாட்டிமாரும் பயிற்சி பெற்றவர்கள், மேலே ஒருவரின் கண்காணிப்பில் இருந்தவர்கள். சாவைப் பற்றிப் பேசுகிறார், பல நாள் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, காதில் குரல் கேட்கிறது என்கிறார் என்றால், நடைக்கு அழைத்துப்போவதோடு விட்டுவிடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவர் தந்த மாத்திரையை, காற்றாட நடந்தால் போதும் என்று யாரும் நிறுத்திவிட வேண்டாம்.

குடும்பத்தோடு சிந்திக்க

• நம் வீட்டில் சமீபமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டவர் யார்?

• அறிவுரை சொல்லாமல் அவர் பேசுவதை அரை மணி நேரம் கேட்க நம்மால் முடியுமா?

• அவரோடு இந்த வாரம் எங்கே நடக்கலாம்?

மனம் கனத்துப்போன ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் ஆறுதலைத் தருவானாக. அவர்கள் பேசும்போது பொறுமையோடு கேட்கும் காதுகளை நமக்கும் தருவானாக. ஆமீன்.